மருந்தின் தேவை நிலையானது, மருந்துக்கடையின் லாபம்?

பங்குச் சந்தை தடுமாறும்போதெல்லாம் முதலீட்டாளர்கள் அடைக்கலம் தேடும் துறைகளில் மருத்துவமும் ஒன்று. வீடு, கார், நகை ஆகியவற்றை வாங்குவதைத் தள்ளிப்போடலாம். நீரிழிவுக்கான மாத்திரையைத் தள்ளிப்போட முடியாது. மக்களின் ஆயுள் நீள்கிறது; முதியோர் எண்ணிக்கை பெருகுகிறது; வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டிய நோய்கள் பரவுகின்றன. எனவே, மருந்துக்கடை, மருத்துவமனை நிறுவனங்களின் பங்குகளை வாங்கி இருபது ஆண்டுகள் வைத்திருந்தால் நஷ்டத்துக்கு இடமே இல்லை என்கிற எண்ணம் பரவலாக இருக்கிறது. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையை எதில் முதலீடு செய்வது என்று என்னிடம் ஆலோசிப்பவர்களில் பலரும் இந்த வாதத்தைத்தான் முன்வைக்கிறார்கள்.

இந்த வாதத்தின் முற்பகுதி முற்றிலும் உண்மை. பிற்பகுதிதான் ஆராயத்தக்கது. ஒரு பொருளின் தேவை நிலையானது என்பதும், அதை விற்பவரின் லாபம் நிலையானது என்பதும் இரு வேறு செய்திகள். இரண்டையும் ஒன்றெனக் கருதியவர்களுக்கு அமெரிக்காவின் வால்கிரீன்ஸ் நிறுவனம் தந்திருக்கும் பாடம் மிகப் பெரியது.

1901-இல் சிகாகோ நகரில் ஒற்றை மருந்துக்கடையாகத் தொடங்கியது வால்கிரீன்ஸ். நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிளைகளுடன் வளர்ந்து, 2014 இறுதியில் ஐரோப்பாவின் அலையன்ஸ் பூட்ஸ் நிறுவனத்தையும் முழுமையாகத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2015-இல் அதன் பங்கு விலை 90 டாலரைக் கடந்தது. 2018-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குப் பதிலாக டௌ ஜோன்ஸ் குறியீட்டில் இடம்பிடித்தது. தொடர்ந்து 47 ஆண்டுகள் ஈவுத்தொகையை (டிவிடெண்ட்) உயர்த்திய பெருமையும் அதற்கு உண்டு. ஓய்வுக்கால வருமானத்துக்கு ஏற்ற பங்கு என்றால் இதைவிடப் பொருத்தமான ஒன்றை அன்றைக்குக் காட்டியிருக்க முடியாது.

அதன் பிறகு நிகழ்ந்தவை வேகமானவை. 2024 ஜனவரியில் காலாண்டு ஈவுத்தொகை 48 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மாதமே டௌ ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடம் அமேசானுக்குத் தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாண்டுகளில் 1,200 கடைகள் மூடப்படும் என்கிற அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் ஈவுத்தொகை அடியோடு நிறுத்தப்பட்டது. இறுதியில், சிகாமோர் பார்ட்னர்ஸ் என்கிற தனியார் முதலீட்டு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 11.45 டாலர் ரொக்கம் தந்து நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அதற்கு மேல், நிறுவனத்தின் மருத்துவ மையப் பிரிவு பிற்காலத்தில் விற்கப்பட்டால் அதிகபட்சம் 3 டாலர் வரை கிடைக்கலாம் என்கிற உரிமை மட்டுமே பங்குதாரர்களுக்கு மிஞ்சியது. 2025 ஆகஸ்ட்டில் வால்கிரீன்ஸ் பங்குச் சந்தையிலிருந்து மறைந்தது.

இந்தப் பத்து ஆண்டுகளில் அமெரிக்கர்கள் மருந்து உட்கொள்வதைக் குறைத்துக்கொண்டார்களா என்றால், இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி போடவும் பரிசோதனை செய்யவும் மக்கள் நாடிச் சென்ற இடங்களில் மருந்துக்கடைகளும் அடங்கும். மருந்து உற்பத்தியாளரான எலி லில்லியின் பங்கும், மொத்த விநியோகம் செய்யும் மெக்கெஸன் நிறுவனத்தின் பங்கும் இதே காலத்தில் பல மடங்கு உயர்ந்தன. மருந்தைத் தயாரித்தவர் செழித்தார். லாரியில் ஏற்றிச் சென்றவரும் செழித்தார். நோயாளியின் கையில் கொடுத்தவர்தான் தளர்ந்தார். ஏன்?

விடை, விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான நோயாளிகள் மருந்தின் முழு விலையைத் தங்கள் கையிலிருந்து தருவதில்லை, காப்பீடு தருகிறது. எந்த மருந்துக்கு எவ்வளவு, எந்தக் கடைக்கு எவ்வளவு என்பதைக் காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் இடைநிலை நிறுவனங்கள் பேசி முடிக்கின்றன. இவற்றில் சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் ஆகிய மூன்று மட்டுமே 2023-இல் ஏறத்தாழ 80 சதவீத மருந்துச் சீட்டுகளைக் கையாண்டன என்கிறது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் அறிக்கை.

இவர்களின் வலிமை வால்கிரீன்ஸுக்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டணத் தகராறு காரணமாக 2012 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் அமைப்பிலிருந்து அது வெளியேறியது. அந்தக் காப்பீட்டை வைத்திருந்தவர்கள் எதிர்வீதிக் கடைக்குச் சென்றுவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வால்கிரீன்ஸ் மீண்டும் அந்த அமைப்புக்குள் திரும்பியது. நாட்டின் மாபெரும் மருந்துக்கடை நிறுவனத்தால்கூடத் தன் விலையைத் தானே நிர்ணயிக்க முடியவில்லை என்பதை முதலீட்டாளர்கள் அன்றே கவனித்திருக்கலாம்.

சோப்பு, ஷாம்பு, குளிர்பானம் போன்ற இதரப் பொருள்களில் கிடைத்த லாபமோ இணைய வணிகத்துக்கும் மலிவு விலைக் கடைகளுக்கும் நகர்ந்தது. சரிவை ஈடுகட்ட 2021-இல் வில்லேஜ்எம்டி என்கிற மருத்துவ மைய நிறுவனத்தில் 520 கோடி டாலரை வால்கிரீன்ஸ் கூடுதலாக முதலீடு செய்தது. 2024-இல் அந்த முதலீட்டின் மதிப்பில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து கழிக்க நேர்ந்தது. நீண்ட காலக் கடை வாடகை ஒப்பந்தங்களும் கடனும் எஞ்சிய வலுவையும் உறிஞ்சின.

போட்டி நிறுவனங்களின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. ரைட் எய்டு 2023-இலும் 2025-இலும் இருமுறை திவாலாகி, எல்லாக் கடைகளையும் மூடியது. முதல் திவாலிலேயே அதன் பழைய பங்குகள் மதிப்பற்றுப்போயின. சிவிஎஸ் வேறு வழியில் சென்றது. 2007-இல் கேர்மார்க்கையும் 2018-இல் ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தையும் வாங்கி, விலையை நிர்ணயிக்கும் பக்கத்துக்கே மாறிக்கொண்டது. அதனால் பிழைத்தது. ஆனால், 2015-இல் 110 டாலரைத் தாண்டியிருந்த அதன் பங்கும், காப்பீட்டுப் பிரிவின் செலவு எகிறிய 2024-இன் இறுதியில் 45 டாலர் அளவுக்கு இறங்கியது. சரியான பாதையைத் தேர்ந்த நிறுவனத்தின் பங்குதாரரும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

இது அமெரிக்கக் கதை, நமக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். ஓரளவு அது சரியே. இந்தியாவில் மருந்துக்கான பணத்தைப் பெரும்பாலும் நோயாளியே தருகிறார். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22-இல் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் கையிலிருந்து நேரடியாகச் செலவானது. அமெரிக்காவைப் போன்ற இடைநிலை நிறுவனங்கள் இங்கே கோலோச்சவில்லை. சிறு கடைகளே மிகுந்திருக்கும் சந்தையில் அப்பல்லோ, மெட்பிளஸ் போன்ற சங்கிலித் தொடர் கடைகள் வளர்வதற்கு இடம் நிறைய இருக்கிறது.

ஆனால், இங்கும் விலை கடைக்காரரின் கையில் இல்லை. அத்தியாவசிய மருந்துகளின் உச்ச விலையை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வரையறுக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சில்லறை விற்பனையாளருக்கான லாபமாக 16 சதவீதம் கணக்கில் கொள்ளப்படுகிறது. வரியை நீக்கிவிட்டுப் பார்ப்போம். கடைக்கு 100 ரூபாய்க்கு வரும் மருந்தின் விற்பனை விலை 116 ரூபாய். போட்டியின் காரணமாக அதில் 10 சதவீதத் தள்ளுபடி தந்தால் 11 ரூபாய் 60 காசு போய்விடும். மீதமுள்ள 4 ரூபாய் 40 காசில் வாடகை, மருந்தாளுநர் சம்பளம், மின்கட்டணம், காலாவதியாகும் சரக்கு என எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்துப் பெறுவதும், சொந்தப் பெயரில் மருந்துகளையும் இதரப் பொருள்களையும் விற்பதுமே சங்கிலித் தொடர் கடைகளுக்கு இருக்கும் வழி. மெட்பிளஸ் அந்த வழியில்தான் முனைந்து நடக்கிறது. 2021 டிசம்பரில் 796 ரூபாய் விலையில் வெளியிடப்பட்ட அதன் பங்கு, பிற்பாடு பல மாதங்கள் அந்த விலைக்குக் கீழே வர்த்தகமானது. கடைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே இருந்தபோதுதான் இது நிகழ்ந்தது.

இணைய மருந்து விற்பனையில் கொடிகட்டிப் பறந்த பார்ம்ஈசி 2021-இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, 2022-இல் அதைத் திரும்பப் பெற்றது. பின்னர் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்த மதிப்பில் பணம் திரட்ட நேர்ந்தது. தள்ளுபடியால் வாடிக்கையாளரை ஈர்க்கலாம். லாபத்தை ஈட்ட முடியாது.

மருத்துவமனைகளின் நிலை சற்று மேலானது. நல்ல மருத்துவரையும் நற்பெயரையும் எளிதில் நகலெடுக்க இயலாது. 1983-இல் சென்னையில் தொடங்கப்பட்ட அப்பல்லோ மருத்துவமனை, 2022-இல் நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பெற்ற முதல் மருத்துவமனை நிறுவனமானது இதற்குச் சான்று. எனினும், அங்கும் அரசின் கை நீளக்கூடும். 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாய்க்கான மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலை ஒரே ஆணையில் 29,600 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவரை அது ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கப்பட்டுவந்தது.

இந்த இடத்தில்தான் நாம் நேர்மையுடன் சிந்திக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டென்ட் விலை குறைந்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது சரியே. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைப்பது நமக்குப் பெருமை. நாடெங்கும் மக்கள் மருந்தகங்கள் 15,000-ஐத் தாண்டிவிட்டன. 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவையெல்லாம் நோயாளிக்கு நன்மை. தனியார் மருந்துக்கடைப் பங்குதாரருக்குப் போட்டி. நோயாளியாக நாம் விரும்புவதும் பங்குதாரராக நாம் விரும்புவதும் ஒன்றல்ல. வாக்குரிமை உள்ள நாட்டில் மருந்து விலையைக் குறைக்கும்படியான அழுத்தம் ஒருநாளும் ஓயாது. ஆகவே, அதை எப்போதாவது வரும் இடராகக் கருதாமல், இந்தத் தொழிலின் நிரந்தரத் தன்மையாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே, இத்துறையில் நீண்ட கால முதலீடு கூடாது என்பதல்ல என் வாதம். வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பதே.

முதலாவது, இந்த நிறுவனம் விற்கும் பொருளின் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? நிறுவனமா, அரசா, காப்பீட்டு நிறுவனமா? இரண்டாவது, லாபம் புதிய கடைகளைத் திறப்பதால் வருகிறதா, இருக்கிற கடைகளின் விற்பனை கூடுவதால் வருகிறதா? ஓராண்டுக்கு மேல் நடைபெறும் கடைகளின் வளர்ச்சி ஆண்டறிக்கையில் இருக்கும். அதுவே மெய்யான அளவுகோல். மூன்றாவது, கடனும் வாடகைப் பொறுப்பும் எவ்வளவு? லாப விகிதம் சிறிதாக உள்ள தொழிலில் பெருங்கடன் சேர்ந்தால் சிறு சறுக்கலே வீழ்ச்சியாகிவிடும்.

நான்காவது, என்ன விலை தருகிறோம்? ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் ஈட்டும் நிறுவனத்தை 700 ரூபாய்க்கு வாங்கினால், லாபத்தைப் போல் 70 மடங்கு தருகிறோம். ஐந்தாண்டுகளில் லாபம் இரட்டிப்பாகி 20 ரூபாயானாலும், சந்தை அப்போது 35 மடங்கே தரத் தயாராக இருந்தால் பங்கு விலை அதே 700 ரூபாயில்தான் நிற்கும். நிறுவனம் வளர்ந்திருக்கும், நம் பணம் வளர்ந்திருக்காது.

அளவுக்கு மீறிய ஈவுத்தொகையையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். 2024 தொடக்கத்தில் வால்கிரீன்ஸ் பங்கின் ஈவுத்தொகை, அன்றைய விலையில் 7 சதவீதத்துக்கும் மேல். வங்கி வட்டியைவிட மிகுதி என்று அதை வரமாக எண்ணியவர்கள் உண்டு. ஈவுத்தொகை விகிதம் உயர்ந்தது நிறுவனம் தாராளம் காட்டியதால் அல்ல. பங்கு விலை சரிந்ததால். சந்தை முன்கூட்டியே அடித்த எச்சரிக்கை மணி அது.

'நீண்ட காலம்' என்கிற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு மந்திரத்தன்மை ஏற்பட்டுவிட்டது. வாங்கிவிட்டு மறந்துவிடுங்கள் என்று அறிவுரை கூறுகிறார்கள். 2015-இல் வால்கிரீன்ஸை வாங்கி மறந்தவருக்குப் பத்தாண்டு முடிவில் மிஞ்சியது போட்டதில் எட்டில் ஒரு பங்கும், அதுவரை வந்த ஈவுத்தொகையும் மட்டுமே. நீண்ட கால முதலீடு என்பது நீண்ட காலம் கவனித்துக்கொண்டிருப்பது. நாள்தோறும் விலையைப் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை ஆண்டறிக்கையைப் படித்து, மேற்சொன்ன கேள்விகளை மீண்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

திரும்பவும் சம்பாதிக்க இயலாத ஓய்வுக்காலத் தொகையை வைத்திருப்பவர்கள், ஒரே துறையில் எவ்வளவு போடலாம் என்கிற வரம்பை முதலிலேயே வகுத்துக்கொள்வது நல்லது. மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்க வேண்டிய பணத்தை மருத்துவப் பங்கில் போட்டுவிட்டுக் காத்திருப்பது விவேகமாகாது. நோய் பங்கு விலை உயரும் வரை காத்திருக்காது.