கடவுத்தொடரும் திறவுகோலும்

பூட்டு எத்துணை உறுதியானதாயினும், சாவியை வாசல் நிலையின்மேல் வைத்துவிட்டுச் செல்வோர் வீட்டிற்குக் காவல் இல்லை. நம் வீட்டு ஆவணங்களுட் பல இன்று கணிப்பொறிக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றிற்கும் பூட்டு உண்டு, சாவியும் உண்டு. அந்தச் சாவி எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கணிப்பொறி கற்றோர் மட்டுமன்றி, குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

தாணேயிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் வாடகை ஒப்பந்தத்திற்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ ஆதார்க் கோப்பை நகலெடுக்கும் கடைக்கு அனுப்புவதுண்டு. இணையத்திலிருந்து பெறும் அக்கோப்பு பூட்டிய கோப்பேயாகும். அதனைத் திறக்கும் கடவுச்சொல்லின் விதியை ஆதார் ஆணையமே அறிவித்துள்ளது: ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அவற்றை அடுத்துப் பிறந்த ஆண்டு. எல்லாரும் எளிதில் நினைவிற் கொள்ளவேண்டும் என்ற நோக்கில் இவ்விதி வசதியானதே. ஆயின் காவல் என்ற நோக்கில் இதன் வலிமை எவ்வளவு? விடை காண, கடவுச்சொல் திறவுகோலாக மாறும் வகையை முதலில் பார்ப்போம்.

கணிப்பொறி நம் சொல்லைக் கொண்டு நேராகப் பூட்டுவதில்லை. அதற்கு வேண்டுவது குறித்த நீளமுள்ள ஓர் எண். பெரும்பாலும் 256 பிட்டுகள், அதாவது 256 இடங்களில் சுழியமோ ஒன்றோ அமைந்த வரிசை. மனிதர் நினைவிற் கொள்ளக்கூடிய சொற்றொடரை அத்தகைய எண்ணாக மாற்றும் முறைகளுள் பெரிதும் வழங்குவது பிபிகேடிஎஃப்-2 என்பது. இது 2000-ஆம் ஆண்டில் இணையத் தரநூல் வரிசையில் வெளியாயிற்று.

இம்முறையை எழுத்தாலான நிரலிற் காண்பதைவிடப் படத்திற் காண்பது எளிது. லேப்வியூ என்னும் படவழி நிரலாக்கச் சூழலை நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் அளவைக் கருவிகளை இயக்க அது பயன்படுகிறது. அதில் கட்டளைகளை வரிவரியாக எழுதுவதில்லை. பெட்டிகளை வரைந்து கம்பிகளால் இணைக்கிறோம். எழுத்துகளைச் சுமக்கும் கம்பி இளஞ்சிவப்பு. முழு எண்களைச் சுமக்கும் கம்பி நீலம்.

இடப்புறத்தில் மூன்று பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது கடவுத்தொடர். இரண்டாவது ‘உப்பு’ எனப்படும் தற்செயல் எண். மூன்றாவது, எத்தனை சுற்று என்னும் கணக்கு. நடுவில் பெரியதொரு வளையப் பெட்டி. அதனுள் அரைவைப் பொறி போன்ற ஒரு பெட்டி. அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோல, இப்பெட்டியிலிருந்து வெளிவருவதைக் கொண்டு உள்ளே சென்றதை அறிய இயலாது. முதற் சுற்றில் தொடரும் உப்பும் அரைபடுகின்றன. அடுத்த சுற்றில், முந்திய விளைவு அதே தொடருடன் மீண்டும் அரைபடுகிறது. வளையத்தின் விளிம்பில் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று கடைசி விளைவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்கிறது. மற்றது எல்லா விளைவுகளையும் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, ஒத்தால் சுழியம், மாறினால் ஒன்று எனச் சேர்த்துக்கொண்டே வருகிறது. இறுதியில் வலப்புறத்தில் வெளிவருவதே திறவுகோல்.

உப்பு எதற்கு? இருவர் ஒரே தொடரைத் தேர்ந்தாலும் இருவர் சாவியும் வேறாதற்கு. பகைவன் முன்கூட்டியே சாவிகளைக் கணித்துப் பட்டியலிட்டு வைப்பதையும் அது பயனற்றதாக்குகிறது. உப்பு இரகசியமாக இருக்கவேண்டுவதில்லை. வீட்டு வைஃபையின் டபிள்யூபிஏ-2 முறையில் அந்த வைஃபைக்கு நாம் இட்ட பெயரே உப்பு, சுற்றுகள் 4,096.

சுற்றுகள் எதற்கு? ஊகிப்பவனைத் தாமதப்படுத்துவதற்கு. 2000-இல் குறைந்தது 1,000 சுற்று போதும் என்றனர். பொறிகளின் வேகம் பெருகவே, ஷா-256 என்னும் அரைவைக்கு 6,00,000 சுற்று வேண்டுமென 2023-இல் ஓவாஸ்ப் என்னும் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைத்தது.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஒவ்வோர் ஊகத்திற்கும் ஒரு விநாடி ஆகும்படி சுற்றுகளைக் கூட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நம் பெயரை அறிந்தவனுக்கு எஞ்சியிருப்பது பிறந்த ஆண்டு ஒன்றே. நூறு ஆண்டுகளைச் சோதிக்க நூறு விநாடி. இரண்டு நிமிடத்திற்குள் பூட்டுத் திறந்துவிடும்! வளையம் காலத்தை விலைக்கு வாங்கித் தரும். இல்லாத இரகசியத்தை உண்டாக்கித் தராது. இதுவே இப்பொருளின் சாரம்.

நல்ல தொடர் எது? பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 வகையான விளைவுகள் கிடைக்கும். அத்தனை சொற்களுக்கு எண்ணிட்ட பட்டியலிலிருந்து பகடை காட்டும் சொல்லை எடுக்கும் முறையை ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் 1995-இல் வகுத்தார். இவ்வாறு ஐந்து சொற்களைத் தேர்ந்தால், பத்து லட்சம் பொறிகள் விநாடிக்கு ஓர் ஊகம் வீதம் முயன்றாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்கச் சுமார் ஒன்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். திருக்குறள் அடியோ திரைப்பாடல் வரியோ நீளமாயினும் இதற்கு ஈடாகாது. நாம் அறிந்ததை ஊகிப்பவனும் அறிவான்.

தமிழில் தொடர் அமைப்போர் மற்றொன்றையும் கருதவேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறி இருவகையாகச் சேமிக்கக்கூடும்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அரைவைப் பெட்டிக்கு முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. எனவே சாவியும் வேறாகும்; உரியவருக்கே கோப்புத் திறவாது போகும். ஆதலின் வளையத்திற்கு முன்னரே எழுத்தை ஒரே வடிவிற்குக் கொணரும் பெட்டி ஒன்றை வைத்தல் இன்றியமையாதது. படத்தில் கடவுத்தொடரை நிலையான எழுத்தாகப் பொறித்துவைப்பதும் தகாது. படத்தைத் திறப்போர் எவரும் அதைப் படித்துவிடுவர்.

நடைமுறையில் நாம் செய்யத்தக்கவை சிலவே. ஆதார் நகல் தரவேண்டிய இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகல் போதுமாயின் அதனையே தருவோம். முழுக்கோப்பை அனுப்ப நேரின், நாமே தேர்ந்த தொடரால் பூட்டி அனுப்பி, அத்தொடரைத் தொலைபேசியில் வாய்மொழியாகக் கூறுவோம். கடையின் கணிப்பொறியில் திறந்த கோப்பை, வேலை முடிந்ததும் நம் கண்ணெதிரே அழிக்கச் சொல்வோம். கணிப்பொறி எத்தனை லட்சம் சுற்றுகள் வேண்டுமாயினும் நமக்காகச் சுழலும்; பிறர் ஊகிக்க இயலாத சொற்களைத் தேர்வது நம் பொறுப்பு.