கார்டு மாற்றத்தைப் பின்தொடரும் கித்தார் லிக்குகள்

கித்தார் இசையில் லிக் என்பது சில நொடிகளில் வாசித்து முடிக்கக்கூடிய, தனியாக நினைவில் நிற்கும் சிறு சுரத்தொடர் ஆகும். புளூஸ், ராக், ஜாஸ், கன்ட்ரி ஆகிய இசைவகைகளில் சோலோ எனப்படும் தனிவாசிப்பு பெரும்பாலும் இத்தகைய லிக்குகளைக் கோத்தே உருவாகிறது. கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. ஒரு பாடலின் பின்னணியில் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை கார்டு புரோகிரஷன் எனப்படும். பின்னணியில் கார்டு மாறும்போது அந்த மாற்றம் லிக்கிலும் கேட்குமானால், அது கார்டைப் பின்தொடரும் லிக்.

சோலோ பழகத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் கற்பது ஐந்தாம் ஃப்ரெட்டில் அமைந்த ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேல். ஏ, சி, டி, இ, ஜி என ஐந்தே சுரங்கள். ஏ சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் இவை சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்கள். ஏ சுருதியில் அமைந்த புளூஸ் பாடலில் இந்த ஐந்தில் எதை எங்கே வாசித்தாலும் பெரிய தவறாக ஒலிக்காது. அதுவே இதன் வசதி, அதுவே இதன் பொறியும். எந்தக் கார்டு ஓடுகிறது என்று கவனிக்காமலேயே பல ஆண்டுகள் வாசித்துவிட முடிகிறது. நூறு லிக் தெரிந்தும் சோலோ பாட்டோடு ஒட்டாமல் மிதப்பது போலத் தோன்றுவதற்கு இதுதான் முதன்மையான காரணம். எளிய சோதனை ஒன்று உண்டு. பின்னணி இசையைக் காதணியில் கேட்டுக்கொண்டு உங்கள் வாசிப்பை மட்டும் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்கும் நண்பரால் கார்டு எங்கே மாறியது என்று சொல்ல முடிகிறதா?

பன்னிரண்டு பார் புளூஸை எடுத்துக்கொள்வோம். பார் என்பது இங்கே நான்கு தட்டு கொண்ட ஒரு தாளப் பகுதி. ஏ சுருதியில் முதல் நான்கு பார்களும் ஏ7 கார்டு. ஐந்து, ஆறில் டி7. ஏழு, எட்டில் மீண்டும் ஏ7. ஒன்பதில் இ7, பத்தில் டி7, கடைசி இரண்டில் ஏ7. இதற்குச் சிறு வேறுபாடுகள் பல உண்டு, அடிப்படை இதுவே.

ஏ7 கார்டில் ஏ, சி ஷார்ப், இ, ஜி ஆகிய நான்கு சுரங்கள் உள்ளன. டி7 கார்டில் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. இ7 கார்டில் இ, ஜி ஷார்ப், பி, டி. ஒவ்வொன்றிலும் முதல் சுரத்தை பேஸ் கித்தாரே வாசித்துவிடுகிறது. ஐந்தாம் சுரம் மேஜர், மைனர் இரண்டு வகைக் கார்டுகளுக்கும் பொது. கார்டின் அடையாளம் மூன்றாம் சுரத்திலும் ஏழாம் சுரத்திலும்தான் இருக்கிறது. எனவே லிக் போய் நிற்கவேண்டிய இடங்களும் அவையே.

இனி கித்தாரில் பார்ப்போம். மிக மெல்லிய தந்தியை முதல் தந்தி என்று எண்ணுவது வழக்கம். ஏ7 கார்டின் ஏழாம் சுரமான ஜி நான்காம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் சுரமான சி ஷார்ப் மூன்றாம் தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். இரண்டு விரலையும் அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே, அதாவது தலைப்பகுதியை நோக்கி நகர்த்தினால் எஃப் ஷார்ப், சி. அது டி7. ஏ7 இருந்த இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் ஜி ஷார்ப், டி. அது இ7. பன்னிரண்டு பார்களையும் இரண்டே விரல்களால், மூன்றே நிலைகளில் வாசித்துவிடலாம். எந்த லிக்கையும் தொடுவதற்கு முன் இதை ஒரு வாரம் வாசிப்பது நல்லது. கூடவே அந்தச் சுரங்களை வாயால் பாடவும் வேண்டும். பாட வராத சுரத்தை விரல் சரியான நேரத்தில் தேடிப் போகாது.

கர்நாடக இசை பயின்றவர்கள் இந்த இடத்தில் சற்றுத் தடுமாறலாம். அங்கே ஆதார சட்ஜம் அசைவதில்லை. சுரங்களை இராகம் தீர்மானிக்கிறது. இங்கே ஏ7 ஓடும்போது அந்தர காந்தாரம் பொருந்துகிறது. டி7 வந்ததும் அதே இடத்தில் சாதாரண காந்தாரம் வேண்டும். மாற்றச் சொல்வது பின்னணிக் கார்டு.

இப்போது ஒரு லிக். முதல் தந்தி ஐந்தாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தி எட்டு, இரண்டாம் தந்தி ஐந்து, மூன்றாம் தந்தி ஆறு. அதாவது ஏ, ஜி, இ, சி ஷார்ப். இது ஏ7 கார்டில் வந்து நிற்கும் லிக். கடைசிச் சுரத்தை மட்டும் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் டி7, ஏழாம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் இ7. லிக் ஒன்றுதான், முடிவு மூன்று.

ஆனால் எப்போது தொடங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கார்டு மாறிய பிறகு லிக்கைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். நான்காவது பாரில் மூன்றாம் தட்டுக்கும் நான்காம் தட்டுக்கும் நடுவே தொடங்கி, அரைத் தட்டுக்கு ஒரு சுரமாக வாசிக்க வேண்டும். முதல் மூன்று சுரங்களும் ஏ7 கார்டுக்குள்ளேயே முடிந்து, நான்காவதான சி, ஐந்தாவது பாரின் முதல் தட்டில் டி7 கார்டோடு சேர்ந்து விழும். எட்டாவது பாரிலிருந்து ஒன்பதாவதற்குப் போகும்போதும் இதே கணக்கு. டி சுரத்தில் நிற்கவேண்டும்.

ஒன்பதிலிருந்து பத்துக்குப் போவது கடினம், ஏனென்றால் இ7 ஒரே ஒரு பார்தான் நீடிக்கிறது. அங்கே தட்டுக்கு ஒரு சுரமாக இ, டி, பி, ஜி ஷார்ப் என்று இறங்கலாம். இரண்டாம் தந்தி ஐந்து, மூன்றாம் தந்தி ஏழு, அதே தந்தியில் நான்கு, நான்காம் தந்தி ஆறு. பத்தாவது பாரின் முதல் தட்டில் அதே நான்காம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப்பைத் தொட்டால் டி7 வந்தது தெளிவாகக் கேட்கும்.

இதற்குக் கார்டு வாசிப்பதில் பெரும் தேர்ச்சி வேண்டுமா என்றால், பி. பி. கிங்கைச் சொல்லலாம். கார்டு வாசிப்பில் தாம் திறமை குறைந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஆயினும் அவருடைய லிக்குகள் கார்டின் சுரங்களில் தவறாமல் வந்து அமர்ந்தன. தேவைப்படுவது காது. மறுபக்கம், எல்லாப் பாட்டும் இந்த வேலையைக் கேட்பதில்லை. ஜான் லீ ஹுக்கரின் 1948ஆம் ஆண்டுப் பாடலான பூகி சில்லன் ஏறத்தாழ ஒரே கார்டிலேயே ஓடுகிறது. அங்கே பின்தொடர எதுவும் இல்லை, தாளமே எல்லாம்.

ஜாஸில் கார்டுகள் இன்னும் விரைவாக மாறும். ஆயினும் வழி இதுவே. டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற வரிசையில் முதல் கார்டின் ஏழாம் சுரமான சி, அரைச்சுரம் இறங்கி ஜி7 கார்டின் மூன்றாம் சுரமான பி ஆகிறது. ஜி7 கார்டின் ஏழாம் சுரமான எஃப், அதேபோல் இறங்கி சி மேஜர் 7 கார்டின் மூன்றாம் சுரமான இ ஆகிறது. ஆட்டம் லீவ்ஸ் என்ற பாடலில் இந்த நகர்வு திரும்பத் திரும்ப வருவதால், புளூஸுக்கு அடுத்த பயிற்சியாக அதைக் கையில் எடுக்கலாம்.