ஆளுமைப் பரீட்சை ஆட்குறைப்புக்கல்ல

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், பேரேட்டுக் கணக்கைக் கணினிக்கு மாற்ற என்னிடம் ஆலோசனை கேட்டார். ஊழியர்களுக்கு ஆளுமை வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்து நிரப்பச் செய்தேன். பெறுபேறு வந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி: "இதில் யாரை நிறுத்தலாம்?"

பலரும் தவறுவது இங்கேதான். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலின் கருத்துகளிலிருந்து உருவான மயர்ஸ்-பிரிக்ஸ் வினாக்கொத்து மனிதரை 16 வகையாகப் பிரிக்கிறது. சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. ஆட்களைத் தெரிவு செய்ய அதனைப் பயன்படுத்தக் கூடாதென வெளியீட்டாளர்களே கூறுகின்றனர். நான் கொடுத்தது, ஆய்வாளர்கள் கூடுதலாக நம்பும் 'ஐந்து பெரும் பண்புகள்' அளவீடு. அதுவும் ஒருவரின் போக்கைத்தான் காட்டும், தீர்ப்பு வழங்காது.

அப்படியானால் பயன் என்ன? மாற்றத்தை யாரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அது வழிகாட்டும். மூத்த கணக்குப்பிள்ளைக்கு ஒழுங்கில் கூடிய புள்ளி, புதுமை நாட்டத்தில் குறைந்த புள்ளி. தனியே பேசினேன். "கணினி பிழைத்தால் பழி என் தலையில்தானே?" என்றார். இரண்டு மாதம் பேரேடும் கணினியும் சேர்ந்தே நடக்கட்டும் என முடிவு செய்தோம். கணினிப் பதிவிலிருந்த பிழைகளை முதலில் கண்டுபிடித்தவர் அவரே.

முதலாளி நிறுத்த நினைத்திருந்ததும் அவரைத்தான். எனவே, பெறுபேற்றைப் பார்த்து முடிவெடுக்கு முன் ஆளோடு பேசுங்கள்.