அடக்க விலைக்கும் குறைவான ஆர்டரை ஏற்கலாமா? சிறு ஆலைகள் போட வேண்டிய கணக்கு

புதுதில்லி: வழக்கமான விலையைவிடக் குறைத்துக் கேட்கப்படும் மொத்த ஆர்டரை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வியைச் சிறு உற்பத்தியாளர்கள் அடிக்கடி எதிர்கொள்கின்றனர். அடக்க விலையை மட்டும் பார்த்து மறுத்தால், கிடைக்க வேண்டிய லாபம் கைநழுவக்கூடும்.

பழைய துணிகளை மறுசுழற்சி செய்து போர்வை தயாரிப்பதற்குப் பெயர்பெற்றது ஹரியானா மாநிலம் பானிபட். அங்குள்ள ஓர் ஆலை மாதம் 10,000 போர்வைகள் தயாரிக்கும் திறன் கொண்டது என்றும், தற்போது 7,000 மட்டுமே தயாரிக்கிறது என்றும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். விற்பனை விலை ரூ.400. ஒரு போர்வைக்கு நூல், பீஸ் ரேட் கூலி, மின்சாரம் ஆகியவற்றுக்கு ரூ.270 செலவாகிறது. வாடகை, மேலாளர் சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் ரூ.7 லட்சம், அதாவது போர்வைக்கு ரூ.100. எனவே அடக்க விலை ரூ.370.

இந்நிலையில், ஒரு நிறுவனம் தனது முத்திரையுடன் 2,000 போர்வைகளை ரூ.320 விலையில் கேட்கிறது. முத்திரை அச்சுக்குத் தனியாக ரூ.20,000 செலவாகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் போர்வைக்கு ரூ.50 நஷ்டம். ஆனால் ஆர்டரை ஏற்றாலும் மறுத்தாலும் வாடகையும் சம்பளமும் மாறப்போவதில்லை. ஆர்டரால் புதிதாக ஏற்படும் செலவே முடிவுக்குத் தொடர்புடைய செலவு. அது ரூ.5.60 லட்சம், வரவு ரூ.6.40 லட்சம். ஆகவே, ரூ.80,000 கூடுதல் லாபம் கிடைக்கும்.

அதே நிறுவனம் 4,000 போர்வைகள் கேட்டால் கணக்கு மாறும். மீதமுள்ள உற்பத்தித் திறன் 3,000 மட்டுமே என்பதால், வழக்கமான விற்பனையில் 1,000 போர்வைகளைக் கைவிட நேரிடும். அதில் இழக்கும் ரூ.1.30 லட்சமும் தொடர்புடைய செலவே. எனவே ரூ.1.80 லட்சமாக இருக்க வேண்டிய லாபம் ரூ.50,000 ஆகச் சுருங்கும். ஆர்டர் இரு மடங்கானாலும் லாபம் குறைகிறது. 3,000 போர்வைகளுடன் நிறுத்திக்கொண்டால் ரூ.1.30 லட்சம் கிடைக்கும்.

கணக்கில் அடங்காத அம்சங்களும் உண்டு. குறைந்த விலையை அறியும் பழைய வாடிக்கையாளர்கள் அதே விலையைக் கேட்கலாம். எல்லா ஆர்டர்களையும் இவ்விலைக்கே விற்றால் நிலையான செலவை ஈடுகட்ட இயலாது.

பணம் வரும் காலமும் முக்கியம். குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை 45 நாள்களுக்கு மேல் நிலுவையில் வைக்கக் கூடாது என 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கோரலாம். எனினும், அந்தத் தொகை வரும்வரை நூலுக்கும் கூலிக்கும் கையில் பணம் உள்ளதா என்பதைப் பார்த்த பிறகே ஆர்டரை ஏற்பது நல்லது.