குஞ்சு யார் கையில்?

வைகை அணையில் பரிசலில் போய் வலை வீசுகிறவர்கள் கரைக்குக் கொண்டுவரும் கட்லாவும் ரோகும் மிர்காலும் வைகையில் தோன்றிய மீன்கள் அல்ல. கங்கைச் சமவெளி ஆறுகள்தான் அவற்றின் பூர்வீகம். கூடவே சிக்கும் ஜிலேபிக்கு ஆப்பிரிக்கா. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது 1952இல். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1959இல், அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த நீர்த்தேக்கம் மீன் தரும் இடமாகவும் ஆனதற்கு ஆற்றின் கருணை மட்டும் காரணமில்லை. ஓர் ஆய்வு நிலையத்தில் பிறந்த தொழில்நுட்பம் அதன் பின்னால் இருக்கிறது. ஆய்வகத்தில் கறி வளர்க்கப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் மலைத்துப்போகிறவர்களும் இந்த மீனின் கதையை முதலில் கேட்பது நல்லது. உணவு உற்பத்தியில் புதிய நுட்பம் நுழையும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இயற்கையானதா என்பதல்ல. அடுத்த ஈட்டுக்கான குஞ்சு யார் கையில் இருக்கப்போகிறது என்பதுதான்.

கட்லா வகைக் கெண்டைகள் தேங்கிய நீரில் நன்றாகக் கொழுக்கும், ஆனால் முட்டையிடாது. மழைக்கால வெள்ளம் புரளும் ஆற்றில்தான் அவற்றுக்கு இனப்பெருக்க ஹார்மோன் சுரக்கும். அதனால் ஒரு காலத்தில் குஞ்சுக்கு வங்காளத்து ஆறுகளையே நம்ப வேண்டியிருந்தது. அங்கே வலைபோட்டுப் பிடித்து, பானைகளில் நிரப்பி, ரயிலேற்றி அனுப்புவார்கள். வழியில் செத்தது போக மிஞ்சியதில் வேண்டாத இனங்களும் கலந்திருக்கும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைத் தாய்மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். இன்று அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். இதில் அறிவியலுக்குச் சமமான பங்கு அதற்குப் பிறகு நடந்ததற்கும் உண்டு. அரசு ஆராய்ச்சி என்பதால் செய்முறை பூட்டி வைக்கப்படவில்லை. மாநில மீன்வளத் துறைகள் கற்றுக்கொண்டன, பிறகு தனியார் பண்ணையாளர்களும் கற்றுக்கொண்டார்கள். ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவரும் பண்ணைக்குட்டை வெட்டிய விவசாயியும் பக்கத்து ஊர்களிலேயே விரலளவுக் குஞ்சுகளை வாங்கி விட முடிந்தது. குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அணை மீனைப் பிடிக்கும் உரிமையைத் தனியாருக்குக் குத்தகை விடலாமா என்ற சச்சரவு வைகைக் கரையிலும் உண்டு. ஆனால் அது தண்ணீர் யாருக்கு என்ற சண்டை. குஞ்சுக்காக எவரும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

பிராய்லர் கோழியின் கதை வேறு. ஒன்றரைக் கிலோ எட்ட நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடுகிறது. பல தலைமுறைத் தேர்வும் கலப்பும் செய்த வேலை அது. அந்தக் கோழியை வளர்த்து முட்டையிட வைத்தாலும் அதே வேகத்தில் வளரும் குஞ்சு பண்ணையாளருக்குக் கிடைக்காது. மூல வம்சங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இனப்பெருக்க நிறுவனங்களிடம் இருக்கின்றன. கொங்குப் பகுதியில் வேரூன்றித் தமிழகம் முழுக்கப் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்துடையவை. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. கோழியை எடை போட்டு ஏற்றும்போது அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. விலை சரிவை நிறுவனம் தாங்கிக்கொள்கிறது என்பது உண்மைதான். விலை ஏறினால் அந்த லாபமும் அங்கேயேதான் நிற்கிறது. கூலியை உயர்த்தக் கோரிப் பண்ணையாளர்கள் போராடியதும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு இந்த நுட்பத்தால் நன்மை, மறுப்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாயிருந்த கறி, கூலி வேலை செய்பவர் வீட்டிலும் வாரநாளில் வேகிறது. ஆனால் மீன் வளர்த்தவர் தன் தொழிலுக்கு உடையவரானார், கோழி வளர்த்தவர் சொந்தக் கொட்டகையிலேயே கூலிக்காரரானார்.

இப்போது மூன்றாவது நுட்பம் வாசலில் நிற்கிறது. உயிருள்ள விலங்கின் தசையிலிருந்து துணுக்கு எடுத்து, அதன் செல்களைச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வளர்ச்சிக் காரணிகளும் கலந்த கரைசலில், எஃகுக் கலன்களுக்குள் பெருக்குவது. நெதர்லாந்தின் மார்க் போஸ்ட் 2013இல் லண்டனில் காட்டிய முதல் பர்கருக்குச் சுமார் இரண்டரை லட்சம் யூரோ செலவானது. 2020இல் சிங்கப்பூரும் 2023இல் அமெரிக்காவும் செல்லில் வளர்த்த கோழிக்கறியை விற்க அனுமதித்தன. அதே 2023இல் இத்தாலி தடை போட்டது. இந்தியாவில் கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில் டெல்லியின் நீட் மீட் பயோடெக்குடன் ஒப்பந்தம் செய்தது. வஞ்சிரம், வாவல் போன்ற விலையுயர்ந்த மீன்களின் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது நோக்கம். வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும்: தொடக்கநிலைச் செல் வரிசையை உருவாக்குவது அரசு நிறுவனம், ஊட்டக் கரைசலைச் செம்மைப்படுத்துவதும் கலன்களில் பெருக்குவதும் தனியார். இந்தத் தொழிலில் குஞ்சு என்பது செல் வரிசை, தீவனம் என்பது கரைசல். மக்கள் பணத்தில் உருவாகும் செல் வரிசையை நாளைக்கு மதுரையிலோ தேனியிலோ ஒரு கூட்டுறவுச் சங்கம் கேட்டால் கிடைக்குமா என்பதை இப்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் முதல் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

இதையெல்லாம் நம்மூரில் யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்கலாம். பிராய்லருக்கும் சப்பென்று இருக்கிறது என்ற பேச்சு இருந்தது. விலை பேசத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. விலை குறையவே குறையாது என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். விலை மட்டுமல்ல, கார்பன் கணக்கும் இடிக்கிறது. கரைசலை மருந்துத் தரத்தில் சுத்திகரித்தே ஆக வேண்டும் என்றால், மாட்டிறைச்சியைவிடப் பல மடங்கு கார்பன் வெளியேறக்கூடும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டார்கள். ஆகவே இது சுற்றுச்சூழலைக் காக்க வந்த அவதாரம் என்ற விளம்பரத்தை நான் நம்பவில்லை. மறுபக்கம், கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் சோதனைச்சாவடி போட்டு லாரிகளுக்கு மருந்தடிக்க வேண்டிய நிலை மூடிய கலனுக்கு வராது. அந்த லாபம் கண்கூடானது.

கலனால் தர முடியாதவையும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாடு வளர்ப்பவர்கள் கறியை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் அல்ல. வயலிலும் தோப்பிலும் கிடை போட்டு உரம் சேர்ப்பது அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்ட பிறகு மேய்ச்சலுக்கு இடமில்லாமல் திண்டாடுவதுதான் அவர்களின் உடனடிக் கவலை. நல்லி எலும்பும் குடலும் தலைக்கறியும் கேட்கும் நம் சமையலுக்குக் கலனில் பெருக்கிய சதை ஈடாகவும் முடியாது. அதனால் ஆட்டுக்கறியும் மலைமாடும் பல காலம் நிலைக்கும் என்றே நினைக்கிறேன். அரைத்த சதை போதும் என்கிற நகெட், சாசேஜ், பர்கர் சந்தையில்தான் செல் கறி முதலில் நுழையும். இன்று அந்தச் சந்தைக்குச் சதை தருவது பெரும்பாலும் பிராய்லர். அங்கே பிராய்லருக்கு அடி விழுந்தால் நிறுவனம் செல்லுக்கு மாறிக்கொள்ளும், கொட்டகை போட்டவரால் மாற முடியாது. புதிய கொட்டகைக்குப் பல ஆண்டுத் தவணையில் கடன் கொடுக்கும் வங்கிகள், ஈட்டுக்கு ஈடு புதுப்பிக்கும் வளர்ப்பு ஒப்பந்தத்தைப் பிணையாக எடுத்துக்கொள்ளாமல், தவணை முடியும்வரை குஞ்சு தருவதாக நிறுவனத்திடம் எழுதி வாங்கிய பிறகே பணத்தை விடுவிக்க வேண்டும்.