பதக்கம் கிடக்கட்டும், கையெழுத்து யாருடையது?

இளைஞர் விருதுக்கான படிவத்தை எப்போதைக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில் இரண்டு கெடுக்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. ஒன்று, பாடசாலை தன் வசதிக்காக வைக்கும் திகதி. மற்றது விருதின் உண்மையான கெடு: பிள்ளையின் 25ஆவது பிறந்தநாள். 14 வயதில் தொடங்கலாம். 25 ஆவதற்குள் முடிக்க வேண்டும். பாடசாலையின் திகதி தவறினால் சில மாதம் பிந்தும், அவ்வளவுதான்.

எடின்பரோ கோமகன் விருது என்று மூத்தவர்கள் சொல்வதும் இதையேதான். இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகாரசபை நடத்துகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகளை அறிவித்தல் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். "ஆளுமை விருத்தி", "தலைமைத்துவம்" என்று மேடையில் சொல்லப்படுவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையானோரை இளைஞர் என்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் கைக்குழந்தையோடு நிற்கும் தகப்பனும் அதற்குள் அடக்கம். இருவருக்கும் பொதுவாக விருத்தியாவது எது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது.

அப்படியானால் இதில் என்ன விசேஷம்?

நேரம். 1956இல் பிரித்தானியாவில் இந்த விருதைத் தொடக்கிய இளவரசர் பிலிப், கேர்ட் ஹான் என்ற ஜேர்மானியக் கல்வியாளரின் மாணவர். ஹானின் சிந்தனை விருதின் விதியில் அப்படியே இருக்கிறது: எவ்வளவு கெட்டிக்காரன் என்று யாரும் அளப்பதில்லை, விடாமல் வந்தானா என்றுதான் பார்க்கிறார்கள். சேவை, திறன், உடற்பயிற்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் சராசரியாக வாரம் ஒரு மணி நேரம். வெண்கலத்துக்கு மூன்றிலும் மூன்று மாதம், பிள்ளை தெரிந்தெடுக்கும் ஒன்றில் மேலும் மூன்று மாதம். இலக்கை வைப்பது பிள்ளை. போட்டி பிள்ளைகளுக்கிடையே இல்லை.

பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்னர் விழுந்து விழுந்து படித்துத் தப்பிவிடலாம். ஆறு மாதத்தை இரண்டு கிழமையில் முடிக்க முடியாது. முழுப் பாடத்திட்டத்தையும் விரைவில் முடித்துத் தருவதாக ரியூஷன் போஸ்டர்கள் ஒட்டப்படும் நகரத்தில், காசு கொடுத்துச் சுருக்க முடியாத ஒரு விடயம் இருப்பதே பெரிது.

ஓட்டையும் அங்கேதான். பிள்ளை வந்ததற்குச் சாட்சி ஒரு பெரியவரின் கையெழுத்து. அவர் வாராவாரம் பார்த்தாரா, கடைசி நாளில் பிள்ளைகளின் முப்பது பதிவுப் புத்தகங்களை அடுக்கி வைத்து ஒப்பமிட்டாரா என்பதைக் கையெழுத்து காட்டாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லேர்னர் குழு 2002இல் தொடங்கிய ஆய்வு, 42 மாநிலங்களில் ஏறத்தாழ 7,000 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. திறமை, தன்னம்பிக்கை, உறவு, ஒழுக்கம், பரிவு ஆகிய ஐந்தும் வளர்ந்தால் பிள்ளை தன் வீட்டுக்கும் ஊருக்கும் பங்களிக்கத் தொடங்கும் என்பது அதன் வாதம். நல்லது வளர்ந்தால் கெட்டது தானாக ஒழிந்துவிடும் என்று அது சொல்லவில்லை; இரண்டும் ஒரே பிள்ளையில் இருக்கக் கண்டது.

பயன் தரும் திட்டங்களுக்கு லேர்னர் மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: வாழ்க்கைத் திறன்கள், பிள்ளை தானே முன்னின்று செய்யும் வாய்ப்பு, அக்கறையுள்ள ஒரு பெரியவருடன் குறைந்தது ஓராண்டு நீடிக்கும் உறவு. மூன்றாவதை விருதின் விதியோடு பொருத்திப் பாருங்கள். வெண்கலத்துக்கு ஆறு மாதம் போதும். நீச்சலுக்கு ஒருவர், சேவைக்கு ஒருவர், வயலினுக்கு ஒருவர் எனக் கையெழுத்திடுவோரும் மாறலாம். விருது நாட்களை எண்ணுகிறது; உறவை எண்ணும் பத்தி படிவத்தில் இல்லை. அதைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும்: என் பிள்ளையை அடுத்த ஆண்டும் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறவர் யார்? வகுப்பாசிரியரோ, அறநெறிப் பாடசாலை ஆசிரியரோ, மைதானத்துப் பயிற்றுநரோ, யாரோ ஒருவர் இருந்தால் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் முதலில் அவரைத் தேடுங்கள்.

மிச்சக் கேள்விகள்

தங்க விருது பல்கலைக்கழக அனுமதிக்கு உதவுமா? இசட் புள்ளியை ஒரு தசமமும் உயர்த்தாது.

நீச்சல் சரியாக வராவிட்டால்? முயன்று முன்னேறினால் போதும்.

ரியூஷனுக்கு நேரம் இடிக்கிறதே? பிழை அட்டவணையில்.

விருதின் இன்னொரு பகுதியான துணிகரப் பயணத்துக்கு மகளை அனுப்பலாமா? வெண்கலத்தில் இரண்டு பகல், ஓர் இரவு. மேற்பார்வையாளர் யாரென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொறுப்பான பெரியவரின் நடத்தை உறுத்தினால்? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, 1929. அழைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.