மீதி ஒன்பது பங்கு யாருடையது?

சம்பளம் வந்ததும் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கவரில் போட்டுத் தனியே வைத்துவிடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. நல்ல பழக்கம். ஆனால் கவரை ஒட்டியதோடு கடவுளுடைய கணக்கு முடிந்தது, மீதி ஒன்பது பங்கும் என் இஷ்டம் என்று நினைத்தால், சபைகளில் உக்கிராணத்துவம் என்று போதிக்கப்படுவது பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேதாகமக் கணக்கில் பத்துப் பங்குமே அவருடையவை. நாம் பொறுப்பாளர்கள் மட்டுமே.

நிலத்தைப் பற்றி லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. நிலம் கடவுளுடையது, அதை யாரும் நிரந்தரமாக விற்கக் கூடாது, விற்றாலும் 50-ஆவது ஆண்டான யூபிலியில் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். இயேசு சொன்ன தாலந்து உவமையிலும் எஜமான் ஊழியர்களிடம் ஒப்படைப்பது தன்னுடைய ஆஸ்தியை. ஒரு தாலந்து சில்லறைக் காசல்ல. கூலியாள் ஒருவரின் ஏறக்குறைய 20 ஆண்டு வருமானம். திரும்பி வந்த எஜமான் முழுத் தொகைக்கும் கணக்குக் கேட்கிறார்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை (1703–1791) முதலில் சொல்வேன். பணத்தைப் பயன்படுத்துவது பற்றி 1760-இல் அவர் அச்சிட்ட பிரசங்கத்தில் மூன்றே விதிகள்: முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் சேமி, முடிந்த மட்டும் கொடு. முதல் விதியைக் கேட்டு வியாபாரிகள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு அவர் போட்ட வேலி உயரமானது. உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில் கூடாது. பக்கத்துக் கடைக்காரரை நொடிக்க வைக்க விலையைக் குறைத்து விற்கக் கூடாது. சாராயம் விற்று வரும் காசு கூடாது. நோயை வேண்டுமென்றே இழுத்தடித்துப் பணம் பார்க்கும் மருத்துவர்களையும் அவர் விடவில்லை.

சேமிப்பு என்று அவர் சொன்னது பெட்டியில் பூட்டுவதை அல்ல, வீண் செலவைத் தவிர்ப்பதை. பயன்படுத்தாமல் வங்கியில் போட்டு வைப்பதும் மண்ணில் புதைப்பதும் அவருக்கு ஒன்றுதான். (இன்றைய ஓய்வூதியக் கணக்குக்காரர்கள் இதை அப்படியே ஏற்க முடியாது, முதுமைக்கான ஏற்பாட்டை நான் பதுக்கலாகக் கருதவில்லை.) கொடுப்பதிலும் வரிசை உண்டு: முதலில் உன் தேவை, பிறகு குடும்பம், பிறகு விசுவாசிகள், பிறகு எல்லா மனிதரும். பிள்ளைக்குச் சோறு போடுவதும் கடவுளுக்குக் கொடுத்ததாகவே கணக்காகும் என்பதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

1787-இல் எழுதிய இன்னொரு பிரசங்கத்தில், ஆக்ஸ்போர்டு மெத்தடிஸ்ட் ஒருவரைப் பற்றி வெஸ்லி பெயர் குறிப்பிடாமல் சொல்கிறார். அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. அந்த மனிதரின் ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. செலவு அதே 28, கொடை 32. பிறகு 90, அதன்பின் 120. அப்போதும் செலவு 28-ஐத் தாண்டவில்லை. கொடை 92 ஆனது. வருமானம் ஏறினால் பத்தில் ஒன்றின் தொகையும் ஏறும் என்பது நம் கணக்கு. அவருக்கோ கொடையின் விகிதமே ஏறியது.

இதற்கு நேர் எதிரானது, ஆயிரம் காணிக்கை போட்டால் லட்சமாகத் திரும்பும் என்ற பேச்சு. தசமபாகம் கொண்டுவருவோருக்கு ஆசீர்வாதம் வாக்களிக்கும் மல்கியா 3-ஆம் அதிகாரத்தைக் காட்டி அப்படிச் சொல்பவர்கள், தசமபாகம் யாருக்காக என்பதை விட்டுவிடுகிறார்கள். உபாகமம் 14-இன்படி மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியருக்கும், பரதேசிகளுக்கும், திக்கற்ற பிள்ளைகளுக்கும், விதவைகளுக்கும் உரியது. அது லாபம் எதிர்பார்த்துப் போடும் முதலீடல்ல.

கணக்குக் கொடுக்கும் பொறுப்பு, பணத்தை வாங்குகிற சபைக்கும் உண்டு. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குறைசொல்ல இடம் வரக் கூடாது என்று, தன் உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் அனுப்பியதை 2 கொரிந்தியர் 8-இல் காணலாம். உங்கள் சபையில் ஆண்டு வரவுசெலவு எல்லார் முன்னும் வாசிக்கப்படுகிறதா? இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.